என் தம்பியைப் பாம்பு கடிக்கவில்லை

என் தம்பி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செத்தான். ஒரு பழைய டேபிள் ஃபேனைக் கையில் எடுத்து, இறக்கையை விரலால் சுழற்றிப் பார்த்து, "இது ஓடுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறான். ஓடும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இவனுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. அங்கேயே விற்பனைக்கு வைத்திருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, மாரடைப்பு, கொண்டு வரும்போதே உயிர் இல்லை என்றார். அவ்வளவுதான். இதில் எங்கேயாவது பாம்பு வருகிறதா? ஆனால் ஊர்க்காரர்கள் சொன்ன கதை ஒவ்வொன்றிலும் பாம்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வருவானே, காக்கி அரைக்கால் சட்டையும் கழுத்தில் துண்டுமாக, புதருக்குள் குனிந்துகொண்டு கிசுகிசுப்பாகப் பேசுவானே, அவன்தான் என் தம்பி. காட்டுப் பன்றி, ஆந்தை, உடும்பு என்று எல்லாவற்றையும் காட்டினான். ஜனங்களுக்கு நினைவில் நின்றது பாம்பு மட்டும்தான். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவனோடு நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது. 'பாம்பு சார், ஒரு செல்ஃபி' என்று யாராவது தோளில் கை போட்டுவிடுவார்கள். இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

நான் அவனுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாம்பரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாடம்பாக்கத்தில் ஒரே வீடு. மாடியில் நான், கீழே அவனும் அவன் மனைவியும். எனக்குப் பாம்பு என்றால் பயம். பயம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், டிவியில் அவன் ஒன்றைத் தூக்கினாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். ஒருமுறை குளியலறை வாளியில் ஒன்றைப் பிடித்துப் போட்டு மூடி வைத்துவிட்டு, சொல்லாமல் ஷூட்டிங் போய்விட்டான். மூடியைத் திறந்தவள் நான். அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் பாதி ஷேவிங்கோடு ஓடி வந்தார். அதற்கப்புறம் ஒரு மாதம் தம்பியோடு பேசவில்லை. ஆகவே பாம்புக்கு நான் சொந்தக்காரி இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் இன்னும் உடலைக்கூட வாங்கியிருக்கவில்லை. தம்பி மனைவி பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய போன் என் கையில் இருந்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நான் முதலில் எடுத்த அழைப்பு ஒரு உறவுக்காரருடையது. "ஐயோ, எப்படி ஆச்சு?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "எந்தப் பாம்பு?" என்று கேட்டார்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி முடிவாகிவிட்டது. யூடியூபைத் திறந்தால் அவன் முகம், தலைக்கு மேல் படமெடுத்த நாகம், ஒரு சிவப்பு அம்புக்குறி, கீழே 'பழி தீர்த்ததா நாகம்?' என்று எழுத்து. கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய் சொன்ன பாவம் ஒட்டாது போலிருக்கிறது. அவன் வேலை செய்த சேனல்காரர்களாவது ஒழுங்காகச் சொல்வார்கள் என்று பார்த்தால், 'திடீர் மரணம்' என்று கீழே ஓட விட்டுவிட்டு, மேலே அவன் நாகத்தோடு நிற்கிற காட்சியை மெதுவாக்கி, சோக இசை சேர்த்துத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அவர்கள் நினைக்க வைத்ததைத்தான் நினைத்தான்.

பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவர்கள், "நாகம் மனசுல வெச்சிருக்கும் மேடம், எத்தன வருஷம் ஆனாலும் விடாது" என்றார்கள். எங்கள் சபையிலிருந்து வந்தவர்களோ, அது ஏதேன் தோட்டத்திலேயே ஆண்டவர் சபித்த பிராணி, அதோடு விளையாடலாமா என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் எங்கள் தெருவில் ஒரே கருத்தாக நின்றது என் தம்பி சாவில்தான். நல்ல மத நல்லிணக்கம்!

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் நம் பக்கத்தில் முதலில் கையைப் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் 'எப்படி ஆச்சு?' என்பார்கள். வீட்டு ஆட்களில் ஒருவர் ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். அடுத்தவர் வந்தால் மறுபடியும் ஆதியிலிருந்து. சொல்லச் சொல்ல ஆறும் என்று வைத்த வழக்கம் அது. தம்பி மனைவிக்குப் பேச்சு வரவில்லை. அதனால் நான் ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சந்தை, ஃபேன், வியர்வை, நாற்காலி, மாரடைப்பு. வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிக்கொண்டே கண்ணாடி வழியாக அவன் கையையும் காலையும் மேய்ந்தார்கள், பல் பட்ட இடம் எங்கே என்று. எங்கள் தூரத்து அத்தை ஒருத்தி, மாலையைச் சரி செய்கிற சாக்கில் மூடியைத் தூக்கி, பாதத்தை மூடியிருந்த துணியை விலக்கப் பார்த்தாள். "அத்தை, கைய எடுங்க" என்றேன். நான் சொன்ன குரலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"இல்லம்மா, மறைக்கிறீங்களோன்னு..." என்றாள் அத்தை.

மறைக்கிறோமாம்! மாரடைப்பை யாராவது இட்டுக்கட்டிச் சொல்வார்களா?

நான் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டது ஒரே ஒருத்திதான். கோவளம் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா. கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னாக்கா, பாம்பு தீண்டிச்சின்னு பேசிக்கிறாங்கோ?"

"இல்லம்மா. மாரடைப்பு. சந்தையில."

அவள் கொஞ்ச நேரம் என் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். காலைப் பார்க்கவில்லை. "எங்க வூட்டுக்காரரும் வூட்லதான்கா போனாரு. பாய்ல படுத்துகினு இருந்தவரு அப்டியே பூட்டாரு. கடலுக்குப் போற ஆளு இல்லியா, கடல் எத்துகினு போச்சுன்னு இன்னிக்கும் ஊரே சொல்லுது. நான் இன்னா சொன்னாலும் கேக்க மாட்றாங்கோ" என்றாள். அப்புறம் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். யாருக்கு அழுதாளோ, எனக்கு அது வேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்த பிறகு சேனலிலிருந்து மைக்கோடு ஒரு பெண் வந்தாள். "மேடம், பாம்புகள் மேல உங்களுக்குக் கோபம் இருக்கா?" என்று கேட்டாள். கோபம் இருந்தது, ஏராளமாக இருந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிட மாட்டான், காலையில் நடக்கச் சொன்னால் காட்டிலே நடக்கிறேனே என்பான், எல்லாம் சொன்னேன். மாலையில் டிவியில் பார்த்தால் நான் மூக்கைத் துடைப்பது மட்டும் வந்தது. பேசியது ஒன்றும் வரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த வாரத்தில் எனக்கும் ஓரிரு முறை தோன்றியது, பாம்பாகவே இருந்திருக்கக் கூடாதா என்று. பாம்பென்றால் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்கும். மாரடைப்பை என்ன செய்வது? ஆனால் எனக்கு ஆறுதல் வேண்டும் என்பதற்காக நடக்காததை நடந்தது என்று சொல்ல முடியுமா? மாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டை ஒட்டிய தெருமுனையில் பேனர் முளைத்தது. 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, நடுவில் என் தம்பி. அவன் தலைக்கு மேல் ஐந்து தலை நாகம் குடை பிடித்தது. கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள். கீழே நண்பர்கள் என்று ஒரு வரிசை முகங்கள், அதில் பாதிப் பேரை அவன் பார்த்தே இருக்க மாட்டான். மறுநாள் பேனருக்கு முன்னால் யாரோ பால் ஊற்றியிருந்தார்கள். அடுத்த நாள் கற்பூரம். ஞானஸ்நானம் பெற்று, கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் தவறாமல் கட்டைக்குரலில் பாடிய என் தம்பி, மாடம்பாக்கத்தில் நாகராஜனாகிவிட்டான். போதகர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விட்டுவிட்டேன். துக்கம் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி வெளியே வரும், பால்தானே ஊற்றுகிறார்கள், ஊற்றட்டும்.

அப்புறம்தான் மூன்று பேர் வந்தார்கள். சேலையூர் பக்கத்து ஆட்டோக்காரர்கள், தலை நரைக்கத் தொடங்கிய ஆட்கள். முன்னால் வந்தவர் ஒரு நீளக் கம்பைப் பிடித்திருந்தார். கம்பில் ஒரு பாம்பு தொங்கியது. தலை நசுங்கிப் போயிருந்தது. நான் மாடிப்படியில் நின்றபடியே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் அதைப் பேனருக்கு முன்னால், பால் காய்ந்த இடத்தில் மெதுவாக இறக்கி வைத்தார்கள். கும்பிட்டார்கள். கம்பு வைத்திருந்தவர் என்னைப் பார்த்துக் கண் கலங்கச் சொன்னார்.

"அக்கா, அண்ணனுக்காக. ஏரிக்கரையாண்ட இருந்துச்சு. அண்ணன போட்டுச்சில்ல, நாங்க போட்டுட்டோம். இன்னும் நாலு எடத்துல பசங்க தேடிகினு கீறாங்க."

என் தம்பி ஆயுள் முழுக்க அடிக்காதீர்கள் அடிக்காதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தினான். அவனுக்குப் படையல் என்று அடித்த பாம்பைக் கொண்டுவந்து அவன் வாசலில் வைக்கிறார்கள். அதுவும் என்ன பாம்பு? சாரை. எலியைத் தின்றுவிட்டுத் தன்பாட்டில் போகிற, விஷமே இல்லாத சாரை. எனக்கே தெரிந்தது. அந்த வீட்டில் இருந்தவளுக்கு வேறு வழி இல்லை, சாப்பாட்டு மேஜையில் அதைத்தானே பேசுவான்.

பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கீழே இறங்கி செருப்பைக் கழற்றிவிட்டேன். அடிக்கவில்லை. அடிக்கத்தான் கழற்றினேன்.

"யோவ், நீ என் தம்பி ப்ரோகிராம் பார்த்திருக்கியா?"

"ஒண்ணு விடாம பாத்துருக்கேன்கா. சவாரி வந்தா கூட போவ மாட்டேன்."

"பார்த்து என்ன தெரிஞ்சுகிட்ட?"

அவர் யோசிக்கவே இல்லை. "அண்ணன் தைரியம்கா" என்றார்.

இத்தனை வருஷம் இவன் பாம்பைக் காட்டினான், அவர்கள் இவனைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆள் கண்ணில் இருந்தது பொய்க் கண்ணீர் இல்லை. என் தம்பி மேல் வைத்த ஆசையில்தான் அடித்திருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விரோதி செய்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

"அவனுக்கு மாரடைப்புய்யா. ஒரு பாம்பும் அவன ஒண்ணும் பண்ணல. நீ அடிச்சது சாரை. அவன் உசிரோட இருந்திருந்தா உன்ன இந்தக் கம்பாலயே விளாசியிருப்பான். போன் போட்டு உன் ஆளுங்கள நிறுத்தச் சொல்லு. இப்பவே. என் எதிர்ல."

போட்டார். மண்வெட்டி கொடுத்தேன். எங்கள் முருங்கை மரத்தடியில் மூன்று பேரும் குழி தோண்டி, அதைப் புதைத்து, மண் மூடினார்கள். அவர்கள் போனதும் சமையலறையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு போய், பேனர் கயிறுகளை அறுத்தேன். ஐந்து தலை நாகமும் என் தம்பியும் சாக்கடை ஓரமாகச் சரிந்து விழுந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நேராக கேம்ப் ரோட்டில் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் என் போனிலிருந்த படத்தைக் காட்டினேன். லுங்கியும் தொப்பையுமாக, கையில் கீரைக்கட்டோடு, ஏதோ கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறான். நான்தான் எடுத்தது. கூலிங் கிளாஸ் போட்ட படமாகக் கொடுங்கள் என்றார் அவர். முடியாது என்றேன். வாசகத்தை எழுதிக் கொடுத்தேன்: 'எங்கள் வீட்டுப் பிள்ளை மாரடைப்பால் இறந்தார். பாம்பு கடிக்கவில்லை. அவர் பேரைச் சொல்லிப் பாம்பை அடிக்காதீர்கள். இப்படிக்கு, அக்கா.'

கடைக்காரர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அக்கா, அஞ்சலி பேனர்ல எதனால செத்தாருன்னு யாருமே போட மாட்டாங்க. இமயம் சரிந்தது, அந்த மாதிரி நம்மகிட்ட ரெடியா இருக்குக்கா."

"இமயம் ஒண்ணும் சரியல. நான் சொன்னத போடு" என்றேன்.

சாயங்காலம் பேனரோடு தெருமுனைக்கு வந்தால், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் காத்திருந்தார். நல்ல மனிதர்தான். "மேடம், ஹார்ட் அட்டாக்னு போட்டா சாருக்கு ஒரு கெத்தே இல்லையே மேடம்? எவ்ளோ பெரிய மனுஷன்! நம்ம தெருவுக்கே ஒரு பேரு இருந்துச்சு" என்றார்.

"கெத்தா சாகறதுக்கு அவன் என்ன எலக்‌ஷன்லயா நின்னான்? நகருங்க சார்."

ஏணியில் ஏறிவிட்டேனே தவிர, எனக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. கீழே யாரோ ஏணியைப் பிடிப்பது போல் இருந்தது. குனிந்து பார்த்தால் தம்பி மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் வாசற்படி தாண்டியதே இல்லை. மேலே பேனரைப் பார்த்தாள். கீரைக்கட்டும் தொப்பையுமாக நிற்கிற புருஷனைப் பார்த்து ஒரு நொடி சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். "அண்ணி, அந்தப் பக்கம் தொங்குது, இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றாள். இழுத்தேன்.

பேனர் நின்றது. சிலர் படித்துவிட்டுச் சிரித்தார்கள், சிலர் அதைப் படமெடுத்து, 'அக்காவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது' என்று போட்டார்கள். போகட்டும். தெருவுக்குள் வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டால் வேறு சந்து வழியாகப் போனார்கள். நிறுத்தி வைத்து மாரடைப்புக் கதையைச் சொல்வேன் என்ற பயம். சொல்லத்தான் செய்தேன், ஒருவரையும் விடவில்லை.

அவனுடைய போனை நான் அணைக்கவில்லை. பாம்பு வந்தால் கூப்பிடுங்கள் என்று அந்த நம்பரை ஊர் முழுக்கக் கொடுத்து வைத்திருந்தான். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அது அடித்தது. கம்போடு வந்த ஆட்டோக்காரர்.

"அக்கா, நம்ம வூட்ல பாம்பு பூந்துகிச்சு. கேஸ் சிலிண்டர் பின்னாடி கீது. நல்ல பாம்பு மாரி கீதுக்கா. நான் அடிக்கலக்கா. யாரையும் அடிக்கவும் வுடல. நீங்க வாங்கக்கா."

நான் போய் என்ன கிழிக்கப் போகிறேன்? எனக்கு வாளியில் கிடந்ததைப் பார்த்தே உயிர் போயிற்று. ஆனாலும் அந்த ஆள் அடிக்காமல் நிற்கிறார். தம்பி போனில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். எல்லோரையும் வெளியே கூட்டிவா, பின்கதவைத் திறந்து வை, அது பக்கத்தில் போகாதே, கண்ணை மட்டும் எடுக்காதே. வழி கேட்டுக்கொண்டு, ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்து அவர் வீடு இருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு ஓடினேன்.

சந்து முழுக்கக் கூட்டம். ஆளுக்கொரு கட்டை. அந்த மனிதர் வெறுங்கையோடு தன் வீட்டு வாசலை மறித்து நின்றிருந்தார். அவர் மனைவி பிள்ளைகளை அணைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை. வெகுநேரம் நின்றோம். கடைசியில் அது சிலிண்டர் பின்னாலிருந்து மெதுவாகக் கிளம்பி, சுவர் ஓரமாகப் போய், பின்கதவு வழியாகக் காலி மனைப் புல்லுக்குள் இறங்கியது. எனக்கு வாலைப் பார்க்கத்தான் தெம்பு இருந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு ஆள் கட்டையைத் தரையில் வீசினார். "பாம்பாலயே தம்பிய பறிகொடுத்துட்டு, பாம்புக்கே வக்காலத்து வாங்குது பாரு இந்தம்மா. கடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

நான் திரும்பினேன். அதுவரை ஒருவரிடமும் சொல்லாதது, எனக்கே அதுவரை தெரியாதது, வாயிலிருந்து வந்துவிட்டது.

"கடிச்சிருந்தா என் தம்பி பொழச்சிருப்பான்யா! பாம்புக் கடிக்கு எந்த ஆஸ்பத்திரியில மருந்து இருக்குன்னு அவனுக்கு அத்துப்படி. எத்தன பேர வண்டியில ஏத்திட்டுப் போய் காப்பாத்தியிருக்கான். தன்னைக் கடிச்சிருந்தா பதறாம தானே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்திருப்பான். நெஞ்சு வலிச்சதுக்கு அவனுக்கு ஒண்ணும் தெரியலய்யா. வாயுன்னு நெனச்சு அந்தக் கடைக்காரர்கிட்ட சோடா கேட்டிருக்கான். சோடா!"

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலோ கல்லறையிலோ அப்படி அழவில்லை, அந்த ஆட்டோக்காரர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்று அழுதேன்.